நாவலாசிரியரின் ராயல்டி: பேர் நிற்கிறது, வரவு ஏன் நிற்பதில்லை?

தேவகோட்டை வாசகி:
நாற்பது வருஷம் எழுதி, விருதும் வாங்கிய நாவலாசிரியர்கள் பலருக்குக் கடைசிக் காலத்தில் கையில் ஒன்றும் தங்குவதில்லை. வேறு சிலர் குடும்பத்துக்கோ அவர் போன பிறகும் வரவு இருக்கிறது. விற்பனை மட்டும்தான் காரணமா? விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

கோட்டையூர் பேரேடு:
விற்பனையைவிட ஒப்பந்தம்தான் காரணம் ஆச்சி. 400 ரூபாய் நாவல், 1,000 பிரதி, 10 சதவீத ராயல்டி (விற்கும் பிரதிக்கு எழுதியவருக்குச் சேரும் பங்கு) என்றால் மொத்தமே 40,000 ரூபாய். அதுவும் பிரதி விற்று முடிந்தால்தான். பத்துப் பதினைந்து நாவல் விடாமல் அச்சில் இருந்தால்தான் வருஷா வருஷம் சொல்லிக்கொள்ளும்படி வரும். விருது அறிவித்த வாரத்தில் பழைய நாவல் கடையில் இல்லையென்றால் அந்த விற்பனை போனதுதான்.

பெரிய நஷ்டம், பண முடையில் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு உரிமையை மொத்தமாக எழுதிக்கொடுப்பது. முதலையே கொடுத்தபின் வட்டி ஏது? காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19-இன்படி ஒப்பந்தத்தில் காலம் குறிக்காவிட்டால் 5 வருஷம்தான். இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும்தான். பழைய தாள்களை எடுத்துப் பாருங்கள், உரிமை எப்போதோ திரும்பியிருக்கலாம். 1995 மே 10-க்கு முன் போட்ட ஒப்பந்தங்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

காரைக்குடி அச்சுக்கூடம்:
ராயல்டி அச்சிட்ட விலைக்கா, கடைக்காரருக்குத் தரும் கழிவு போக வந்த தொகைக்கா என்று முதலில் பாருங்கள். 35 சதவீதக் கழிவு என்றால் 400 ரூபாய் 260 ஆகிவிடும், பிரதிக்கு 40 ரூபாய் 26 ஆகிவிடும். கணக்கில் விற்ற எண்ணிக்கை மட்டும் இருந்தால் சரிபார்க்கவே முடியாது. ஆரம்ப இருப்பு, அச்சிட்டது, இலவசப் பிரதி, சேதம், கடைசி இருப்பு அத்தனையும் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சினிமா, வெப் சீரிஸ், ஒலிப்புத்தகம், மொழிபெயர்ப்பு ஒவ்வொன்றும் தனி உரிமை. "அனைத்து உரிமைகளும்" என்று புத்தக ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் எல்லாம் அதோடு போய்விடும்.

கண்டனூர் வழக்குரைஞர்:
ஆசிரியர் காலமான மறு வருஷத் தொடக்கத்திலிருந்து 60 வருஷம் வாரிசுகளுக்கு உரிமை உண்டு. நம் சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் மறைந்தது 1981. கணக்கு 2041 முடிய. கல்கி மறைந்தது 1954. அரசுடைமை ஆகாமல் இருந்திருந்தாலும் 2014-ஓடு முடிந்திருக்கும். அதனால்தான் 2022-இல் 'பொன்னியின் செல்வன்' படமாக வந்தபோது தமிழ் மூலத்தை யார் அச்சிட்டாலும் ராயல்டி தரவேண்டியிருக்கவில்லை.

அந்த 60 வருஷத்தையும் கெடுப்பது உயில் இல்லாமை. உரிமை எல்லா வாரிசுக்கும் பங்காகிவிடும். மறுபதிப்புக்கு ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் கோலாலம்பூரில் கையெழுத்துப் போடவேண்டும் என்றால் பதிப்பாளர் விட்டுவிடுவார். ஒருவரை நிர்வாகியாக்கி, வரவை மட்டும் எல்லாப் புள்ளிக்கும் (வாரிசுக் குடும்பத்துக்கும்) பங்கிடும்படி உயிலில் எழுதச் சொல்லுங்கள். அச்சேறாத கையெழுத்துப் பிரதிகளையும் பேர் சொல்லிக் குறிக்கவேண்டும். உயிலில் வேறு விதமாக எழுதாதவரை, காப்புரிமைச் சட்டப் பிரிவு 20-இன்படி அந்தக் கையெழுத்துப் பிரதி யாருக்கோ அதன் உரிமையும் அவருக்கே.