சுழன்று விழும் விதையைக் காகிதத்தில் செய்வது எப்படி?

கேள்வி: இறக்கை வைத்த விதை சுழன்று விழுவதைப் பார்த்த என் ஐந்து வயது மகள், அதே மாதிரி ஒன்று வேண்டும் என்கிறாள். நான் வெட்டிய காகிதம் புரண்டு புரண்டு விழுகிறது. என்ன குறை?

பதில் 1: அடியில் எடை இல்லை, அதுதான். நீளத் துண்டின் மேல்பாதியை நடுவே நீளவாக்கில் கீறி, ஒரு மடலை முன்னும் மற்றதைப் பின்னும் மடியுங்கள். கீழே ஒரு காகிதக் கிளிப். மடல்களை மாற்றி மடித்தால் சுழலும் திசையும் மாறும். அதை அவளே கண்டுபிடிக்கட்டும், தயவுசெய்து முந்திக்கொள்ளாதீர்கள்!

பதில் 2: அப்புறம், துணியில் ஒட்டும் விதையைப் பூதக்கண்ணாடியில் காட்டுங்கள். 1941-இல் சுவிஸ் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் அதிலுள்ள குட்டிக் கொக்கிகளைப் பார்த்துத்தான், செருப்பிலும் பையிலும் வரும் ஒட்டுப் பட்டையான வெல்க்ரோவை யோசித்தார்.

கேட்டவர்: கிளிப் போட்டதும் சுழன்றது! மடலைக் குட்டையாக்கினால் வேகமாக விழுகிறது என்றும் கண்டுபிடித்துவிட்டாள். இப்போது இரண்டு கிளிப் கேட்கிறாள்.