கோப்பு இல்லை என்கிறார்கள்: தகவல் உரிமை மனு போடலாமா, நேரில் பேசி முடிப்பதா?

மேலவீதி:
வணக்கம். அப்பா காலமான பிறகு வீட்டு வரியை அம்மா பெயருக்கு மாற்றக் கேட்டு எங்கள் பேரூராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம். வாரிசுச் சான்று, பத்திர நகல் எல்லாம் வைத்தாயிற்று. வரி இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. அதுவும் கணினியில் அவர் பெயரைத் தப்பாக ஏற்றியிருக்கிறார்கள். பழைய பதிவேட்டைப் பார்த்தால்தான் திருத்த முடியுமாம், அது கிடைக்கவில்லையாம். வீட்டில் இரண்டு கட்சி. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம் என்கிறான் தம்பி. ‘சின்ன ஊர், நாளைக்கும் அவங்க முகத்துல முழிக்கணும், நேரில் பேசி முடிங்க’ என்கிறார் மாமா. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நேர்வழி:
தம்பி சொல்வதைக் கேளுங்கள். ‘கிடைக்கவில்லை’ என்று வாயால் சொல்வது சுலபம். அதையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் பதிவேடு தானாக வெளியே வரும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒரு வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, பிரிவு 6(2) அதைத் தெளிவாகச் சொல்கிறது. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தவறினால் தகவலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். கோப்பு காணோம் என்பது சட்டத்தில் உள்ள விலக்கே இல்லை. டெல்லி உயர்நீதிமன்றம் 2013-ல் விஷ்வாஸ் பாம்புர்கர் வழக்கில் இதைத்தான் சொன்னது: தேட வேண்டும், கிடைக்காவிட்டால் யார் பொறுப்பு என்று விசாரிக்க வேண்டும்.

இன்னொன்று. நகல் மட்டும் கேட்காதீர்கள், பதிவேட்டை நேரில் பார்க்க அனுமதி கேளுங்கள். ஆவணத்தைப் பார்வையிடுவதும் குறிப்பெடுப்பதும் அந்தச் சட்டம் தரும் உரிமைதான். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது.

கல்தூண்:
பதிவேட்டைத் தொலைத்தால் ஐந்து வருடம் ஜெயில். 1993-ஆம் வருடத்துப் பொது ஆவணச் சட்டத்தைக் காட்டி ஒரு வார்த்தை எழுதுங்கள், நடுங்கிவிடுவார்கள்.

பழைய பதிவேடு:
கல்தூண் அவர்களே, அந்தச் சட்டம் மத்திய அரசுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உரியது. பேரூராட்சியில் அதைக் காட்டினால் யாரும் நடுங்க மாட்டார்கள், மனு எழுதியவருக்கு விஷயம் தெரியாது என்றுதான் நினைப்பார்கள்.

நான் பேரூராட்சியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அலுவலகத்துக்காகப் பரிந்து பேசவில்லை, உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். சின்ன பேரூராட்சியில் ஒரே ஆள்தான் வரியும் பார்ப்பார், குடிநீர் இணைப்பும் பார்ப்பார், பிறப்பு இறப்புப் பதிவும் அவர் தலையில்தான். பதிவேட்டு அறை என்பது பெரும்பாலும் துணியில் கட்டிய மூட்டைகள். கட்டின் மேல் சாக்பீஸில் வருடம் எழுதியிருக்கும், பாதி அழிந்திருக்கும். 2008-லும் 2022-லும் சொத்து வரிச் சீராய்வு நடந்தது. அப்போதெல்லாம் யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று குறித்து வைக்கும் கேட்புப் பதிவேடு புதிதாக எழுதப்படும், வரிவிதிப்பு எண்ணும் மாறக்கூடும். கணினிக்கு மாற்றியபோது பழைய எண்ணை விட்டுவிட்டுப் புதிய எண்ணை மட்டும் ஏற்றிய இடங்களும் உண்டு. தெருப் பெயரும் நடுவில் மாறியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே ‘தாத்தா பெயரில் இருக்கும் பதிவேடு’ என்று கேட்டால் உண்மையாகவே கிடைக்காது. அங்கே யாரும் பெயரை வைத்துத் தேட மாட்டார்கள், எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள். வீட்டில் பழைய வரி ரசீது ஏதாவது ஒன்று இருக்கும், பீரோவிலோ பத்திரக் கவரிலோ பாருங்கள். அதில் பழைய வரிவிதிப்பு எண், வார்டு, தெரு எல்லாம் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போனால் கட்டை அவிழ்த்து எடுக்கக் கொஞ்ச நேரம் போதும். இதற்குப் போய்த் தகவல் உரிமை மனு போட்டால் என்ன ஆகும் தெரியுமா? வரிப் பிரிவில் இருக்கும் உங்கள் பெயர்மாற்ற மனு அப்படியே நின்றுவிடும். ‘தகவல் மனு வந்திருக்கு, அது முடியட்டும்’ என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொள்வார்கள். முப்பதாம் நாள் ஒரு வரியில் பதில் வரும். மேல்முறையீடு, அப்புறம் மாநிலத் தகவல் ஆணையம் என்று போக வேண்டும். இரண்டாம் மேல்முறையீட்டை எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் சொல்லப்படவே இல்லை.

உங்கள் மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

செங்காந்தள்:
ஐயா, ரசீது எண்ணைப் பற்றி நீங்கள் சொன்னது மிக உபயோகமானது. ஆனால் ‘நேரில் போய்ப் பேசுங்கள்’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. யார் போய்ப் பேசுவது? பேசத் தெரிந்த ஆள், கவுன்சிலரைத் தெரிந்த ஆள், அலுவலக வாசலில் அரை நாள் நிற்கக்கூடிய ஆள். எங்கள் ஊர் அலுவலகத்தில் மனு வாங்கும் ஜன்னல் இடுப்பளவுக்குத்தான் இருக்கிறது, குனிந்துதான் பேச வேண்டும். உள்ளே இருப்பவர் நிமிர்ந்து பார்க்காமலே ‘நாளைக்கு வாங்கம்மா’ என்பார். என் அம்மா அப்படித்தான் திரும்பி வருவார். அதே வேலையை எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்காரர் மூலமாகப் போனால் முடித்துத் தருகிறார்கள், அதற்கு ஒரு தொகை. ‘பேசி முடிப்பது’ என்றால் நடைமுறையில் இதுதான். தகவல் உரிமை மனுவுக்கு முகம் தேவையில்லை, தபாலில் போகும். கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஊர்க்காரன்:
முகம் தேவையில்லையா? பெயரும் முகவரியும் எழுதித்தானே அனுப்ப வேண்டும்? சின்ன ஊரில் ‘தகவல் மனு போடுற வீடு’ என்று பெயர் விழுந்துவிட்டால் அப்புறம் குடிநீர்க் குழாய் உடைந்தால்கூட யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். புனே பக்கம் தலேகாவில் சதீஷ் ஷெட்டி 2010-ல் கொல்லப்பட்டதை மறந்துவிட்டீர்களா? நிலமோசடிகளைத் தகவல் கேட்டு வெளியே கொண்டுவந்தவர் அவர்.

நேர்வழி:
மறக்கவில்லை, அதை யாரும் மறக்கவும் கூடாது. ஆனால் அடுத்தவர் நில ஊழலைத் தோண்டுவதும், தன் வீட்டு வரிக் கோப்பைக் கேட்பதும் ஒன்றாகாது. முகவரி தர பயப்படுபவர்கள் தபால் பெட்டி எண் கொடுத்தாலே போதும் என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2013-ல் சொல்லியிருக்கிறது. மேலவீதி விஷயத்தில் அது உதவாது, வரிவிதிப்பு எண்ணைப் போட்டதுமே யார் வீடு என்று தெரிந்துவிடும். இருக்கட்டும், சொந்தக் கோப்பைக் கேட்பதற்கு ஒளிந்துகொள்ள என்ன இருக்கிறது?

ஐயா பழைய பதிவேடு, ஒரு வரியில் பதில் வரும் என்றீர்கள். கேள்வியைத் தப்பாகக் கேட்டால் அப்படித்தான் வரும். ‘ஏன் இன்னும் பெயர் மாற்றவில்லை?’ என்று எழுதினால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. இருக்கும் ஆவணத்தைத்தான் தர வேண்டும், காரணமும் கருத்தும் சொல்ல வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் சொல்லிவிட்டது. ‘என் மனு மீது எந்தெந்தத் தேதியில் யார் என்ன குறிப்பு எழுதினார், அந்தக் குறிப்புத் தாளின் நகல் வேண்டும்’ என்று கேளுங்கள். நிலைமையே மாறிவிடும்.

பழைய பதிவேடு:
தம்பி, இப்போது சரியான இடத்துக்கு வந்தீர்கள். ஆனால் குறிப்புத் தாள் இருக்க வேண்டுமானால் முதலில் கோப்பு என்று ஒன்று இருக்க வேண்டுமே! மேலவீதி, நீங்கள் கொடுத்த மனுவுக்கு ந.க.எண், அதாவது அலுவலகம் அதைப் பதிந்து போடும் எண், வாங்கினீர்களா? தபால் வந்ததும், எது யாருக்குப் போகிறது என்று குறிக்கும் பகிர்மானப் பதிவேட்டில் ஏறி, சம்பந்தப்பட்ட எழுத்தர் தன்னிடம் வந்தவற்றைக் குறித்து வைக்கும் தன்பதிவேட்டுக்குப் போக வேண்டும். அந்த எண் இல்லையென்றால் உங்கள் மனு யாரோ ஒருவர் மேசை இழுப்பறையில் கிடக்கிறது என்று அர்த்தம். நீங்கள் மனு கொடுத்ததாகவே அலுவலகத்துக்குத் தெரியாது. தகவல் உரிமையில் கேட்டால் ‘அப்படி ஒரு மனு பெறப்படவில்லை’ என்று உண்மையான பதிலே வரும். என் காலத்தில் இப்படிப்பட்ட பதில்களை நானே எழுதிக் கையெழுத்துக்கு வைத்திருக்கிறேன், பதிவேட்டில் இல்லாததை இருக்கிறது என்று எப்படி எழுதுவது?

செங்காந்தள்:
அப்படியானால் ஜன்னலில் மனுவை வாங்கிக்கொண்டு எண் போடாமல் விடுவது யார் தப்பு? ‘எண் வாங்கிக்கொண்டு போ’ என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா? பிரிவு 4 என்ன சொல்கிறது? யாரும் கேட்காமலே நடைமுறை, பொறுப்பாளர், தகவல் அலுவலர் பெயர் எல்லாவற்றையும் அலுவலகமே வெளியிட வேண்டும். தமிழ்நாடு 1997-லேயே தகவல் உரிமைக்குத் தனிச் சட்டம் போட்ட மாநிலம். இன்னும் ஒரு சாதாரணக் குடும்பம் ந.க.எண் என்றால் என்ன என்று இணையத்தில் வந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் ஆத்திரமாகத்தான் வருகிறது.

மேலவீதி:
எண் எதுவும் தரவில்லை. மனு நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துகூட வாங்கவில்லை. தாத்தா காலத்து ரசீது ஒன்று கிடைத்திருக்கிறது, மடிப்பில் எண்ணின் கடைசி இலக்கம் கிழிந்துபோயிருக்கிறது. தெருப் பெயர் தெளிவாக இருக்கிறது.

பழைய பதிவேடு:
தெருவும் வருடமும் இருந்தால் போதும், அந்தத் தெருப் பக்கங்களைப் புரட்டினால் கிடைத்துவிடும். மனுவைப் புதிதாக எழுதுங்கள், ரசீது நகலை இணையுங்கள், ஸ்பீட் போஸ்ட்டில் செயல் அலுவலர் பெயருக்கு அனுப்புங்கள். தபாலில் வந்தால் எண் போட்டே ஆக வேண்டும். ஒரு மாதம் பொறுத்துவிட்டு, நகர்வு இல்லையென்றால் தகவல் மனு போடுங்கள். இன்னொரு விஷயம், வரி ரசீதில் பெயர் மாறியதால் மட்டும் வீடு அம்மாவுக்குச் சொந்தமாகிவிடாது, உரிமை பத்திரத்திலும் வாரிசுரிமையிலும்தான் இருக்கிறது. கூடப் பிறந்தவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள், பிறகு மனஸ்தாபம் வராது.

நேர்வழி:
ஒரு மாதம் ஏன் பொறுக்க வேண்டும்? இரண்டையும் ஒரே நாளில் அனுப்பட்டும். ஒன்று பெயர்மாற்ற மனு, இன்னொன்று பதிவேட்டைப் பார்வையிட அனுமதி கேட்டு. பதிவேட்டை இவர்களே புரட்டிப் பக்கத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் அந்த எழுத்தருக்கும் வேலை குறையும்.

பழைய பதிவேடு:
பார்வையிட மட்டும் கேட்பதாக இருந்தால் நான் மறுக்க மாட்டேன். குற்றம் சாட்டும் வாசகம் ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது. அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, ‘தகவல் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுங்கள், பெயரை மாற்றித் தருகிறோம்’ என்று சொன்னால் எழுதிக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது பெயர் மாற்றம்தானே?

செங்காந்தள்:
இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். பெயர் மாறிய ரசீது அம்மா கைக்கு வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டில் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். இன்றுவரை ரசீது பழைய பெயரில்தான் வருகிறது.