புழுவுக்கு ஏது நியாயம்? மொட்டைமாடியில் தொடங்கிய ஒரு சண்டை

கல்லுக்கட்டிக்காரன்:
போன சனிக்கிழமை ராத்திரி காரைக்குடியில் எங்கள் மொட்டைமாடியில் அப்பச்சியின் எட்டு முழ வேட்டியைத் திரையாகக் கட்டி ‘நைட் ஆஃப் தி க்ரீப்ஸ்’ போட்டோம். 1986-இல் ஃப்ரெட் டெக்கர் இயக்கிய முதல் படம். பார்க்காதவர்களுக்குக் கதை இதுதான்: 1959-இல் விண்கலத்திலிருந்து ஒரு குப்பி பூமியில் விழுகிறது. அதற்குள்ளிருந்த அட்டை மாதிரிப் புழு ஒரு பையன் வாய்க்குள் பாய்கிறது, அவன் உடம்பை உறையவைத்துக் காலேஜ் ஆய்வுக்கூடத்தில் பூட்டுகிறார்கள். 27 வருஷம் கழித்து, மாணவர் கோஷ்டி ஒன்றில் சேர ஆசைப்பட்ட இரண்டு பயல்கள் பிணம் திருடப் போய் அதையே எழுப்பிவிடுகிறார்கள். அப்புறம் வளாகம் முழுக்க நடமாடும் பிணங்கள், தலை பிளந்தால் உள்ளிருந்து கொத்துக் கொத்தாகப் புழு.

வந்த பதினோரு பேரில் ஐந்து பேர் வயிறு வலிக்கச் சிரித்தோம், மூன்று பேர் போனை நோண்டினார்கள், ஒருவர் தூங்கிவிட்டார், இரண்டு பேர் பாதியிலேயே கிளம்பிவிட்டார்கள். கிளம்பியவர்களில் ஒருவர் நம் செக்காலை சித்தப்பா. படியிறங்கும்போது “குப்பைக்குப் பன்னீர் தெளிக்கிறீர்கள்” என்றார். எனக்கு இன்னும் ஆறவில்லை. காலேஜ், ஆய்வுக்கூடம், பேய், அசட்டுத்தனம் நான்கையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிற இந்த வகையறா குப்பை இல்லை என்பது என் கட்சி. வாருங்கள், இங்கேயே பேசித் தீர்த்துக்கொள்வோம்.

செக்காலை சித்தப்பா:
தம்பி, கொசுக்கடி தாங்காமல் எழுந்ததாக உங்கள் ஆச்சியிடம் சொன்னேன். உண்மைக் காரணம் படம்தான். அந்தப் படத்தில் பாத்திரங்களின் பெயரைக் கவனித்தீர்களா? ரொமேரோ, க்ரோனென்பெர்க், கேமரூன், லாண்டிஸ், ரெய்மி, எல்லாம் இந்தமாதிரிப் படம் எடுத்த இயக்குநர்கள் பெயர். காலேஜுக்குப் பெயர் கோர்மன், அதுவும் மலிவுப் பேய்ப் படங்களுக்குப் பேர்போன ஒருவர் பெயர். படம் நெடுக இயக்குநர் நம் விலாவில் இடித்து “புரிந்ததா, புரிந்ததா” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். கல்யாண வீட்டில் தானே ஜோக் சொல்லித் தானே சிரிக்கிற மாமாவைப் பார்த்தால் வருகிற எரிச்சல்தான் எனக்கு வந்தது.

இதற்கு 1958-இல் ஜாக் ஆர்னால்ட் எடுத்த ‘மான்ஸ்டர் ஆன் தி காம்பஸ்’ எவ்வளவோ மேல். ஒரு பேராசிரியர் காலேஜுக்கு சீலகாந்த் மீன் வரவழைக்கிறார். மீன் நிஜம்தான், டைனோசரோடு அழிந்துபோனதாக எல்லோரும் நினைத்திருக்க, 1938-இல் தென்னாப்பிரிக்கக் கடலில் வலையில் சிக்கியது. படத்தில் அது கெட்டுப்போகாமலிருக்கக் காமா கதிர் பாய்ச்சியிருக்கிறார்கள். பெட்டியிலிருந்து ஒழுகிய தண்ணீரை நக்கிய நாய்க்கு ஓநாய்ப் பல் முளைக்கிறது, மீனைக் கடித்த தும்பி ராட்சசத் தும்பியாகிறது, அந்தத் தும்பியின் ரத்தம் பேராசிரியரின் புகைக்குழாயில் சொட்டுகிறது, மனுஷன் அதைக் கவனிக்காமல் பற்றவைத்து இழுத்து ஆதிமனிதனாகிறார்! இத்தனையும் துளிகூடச் சிரிப்பில்லாத முகங்களோடு நடக்கிறது. நமக்குச் சிரிப்பு வருவதே அதனால்தான். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சோன்டாக் 1964-இல் இந்த மாதிரி மிகை ரசனையைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதைத்தான் சொன்னார்: தான் அசடு என்று தெரியாமல் இருப்பதே அசல் சரக்கு, தெரிந்து செய்வது அவ்வளவு ருசிக்காது.

விடுதி அறை 14:
எங்கள் விடுதியில் ஏழு மணிக்கே கேட்டைப் பூட்டிவிடுவார்கள், அதனால் மாடிக்கு வர வழியில்லை. போர்வைக்குள் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நானும் பார்த்தேன். எனக்கு இரண்டு பேரோடும் சண்டை இருக்கிறது.

கல்லுக்கட்டி அண்ணே, அந்தக் காலத்து வளாகப் படங்களில் பாதிக்கு மேல் பெண்களுக்கு இரண்டே வேலை, குளிப்பது, அலறுவது. ‘க்ரீப்ஸ்’ கதாநாயகி கடைசியில் தீ உமிழும் துப்பாக்கியைக் கையில் எடுத்தாள், அதனால் அந்தப் படம் தப்பித்தது. ஆனால் நீங்கள் அடுத்து போடப்போவதாகச் சொன்ன ‘ரீ-அனிமேட்டர்’ படத்தில் டீனின் மகளைக் கட்டிப்போட்டு செத்தும் எழுந்த ஒரு வெட்டுண்ட தலை செய்கிற காரியம் எனக்கு நகைச்சுவையாகத் தெரியவில்லை. யாராவது சிரித்தால் அவர் பக்கத்தில் உட்காரமாட்டேன்.

சித்தப்பா, ‘ஹேப்பி டெத் டே’ பார்த்தீர்களா? 2017 படம். பிறந்தநாளன்றே ஒரு மாணவி கொலையாகிறாள், மறுபடி அதே காலையில் கண்விழிக்கிறாள், மறுபடி கொலை. தான் என்ன விளையாட்டு விளையாடுகிறோம் என்று தெரிந்த படம்தான், ஆனாலும் வேலை செய்கிறது. ஐம்பது லட்சம் டாலருக்குள் எடுத்து உலகம் முழுக்கப் பன்னிரண்டு கோடிக்கு மேல் வசூல். 2019-இல் வந்த இரண்டாம் பாகத்தில், இத்தனைக்கும் காரணம் மாணவர்கள் செய்த ஒரு குவாண்டம் இயந்திரம் என்று தெரிகிறது, டீன் அதைப் பிடுங்கப் பார்க்கிறார். அந்த இடத்தில்தான் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இந்தப் படங்கள் ஏன் காலேஜில் நடக்கின்றன தெரியுமா? நாம் சொல்வதை யாரும் நம்பாத இடம் அதுதான். எங்கள் குளியலறையில் பாம்பு வந்தபோது “எழுதிக் கொடும்மா” என்றார்கள். பிணம் நடக்கிறது என்று போய்ச் சொன்னால் துறைத்தலைவர் கையெழுத்து எங்கே என்பார்கள்.

கல்லுக்கட்டிக்காரன்:
தங்கச்சி சொன்ன காட்சி விஷயத்தில் நான் வாயைத் திறக்கப்போவதில்லை, அது தப்புதான். ஆனால் சித்தப்பாவுக்குச் சொல்லவேண்டிய பதில் அதே ‘ரீ-அனிமேட்டர்’ படத்தில் இருக்கிறது. 1985-இல் ஸ்டூவர்ட் கார்டன் எடுத்தது, அவர் அதுவரை நாடகக்காரர். திகில் கதை எழுத்தாளர் லவ்கிராஃப்ட் கற்பனையில் கட்டிய மிஸ்கடானிக் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவன் ஒருவன் பச்சையாக மின்னும் மருந்தை ஊசியில் ஏற்றிச் செத்தவர்களை எழுப்புகிறான். அந்த வேஷத்தில் ஜெஃப்ரி கோம்ப்ஸ் ஒரு இடத்தில்கூட நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கவில்லை. அரியர் எழுதப்போகிறவன் முகத்தில் இருக்கிற அவசரம் மட்டும்தான் அவன் முகத்தில். இருட்டான நிலவறையில் செத்த பூனையோடு கட்டிப்புரளும்போதும் அதே முகம். எழுதியவர்களுக்கு அசடு என்று தெரியும், நடிப்பவனுக்குத் தெரியாது. இதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள் சித்தப்பா?

கானாடுகாத்தான் பேரன்:
வெள்ளைக்காரன் எப்படியோ போகட்டும், தமிழில் இது செல்லாது. நம் ஊரில் பேய் காமெடி என்றாலே பங்களாதான். முகப்பு, வளவு என்கிற நடு முற்றம், இரண்டாம் கட்டு, ஆள் இல்லாத மாடி அறை. எங்கள் ஐயா வீட்டையே ஒரு படக்குழுவுக்கு நான்கு நாள் கொடுத்தோம். வளவில் சிவப்புச் சாயத்தை ஊற்றிவிட்டுப் போனார்கள், ஆத்தங்குடித் தரைக்கல்லில் அது இன்னும் ரோஸ் கலரில் இருக்கிறது, எத்தனை முறை தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் போகவில்லை.

அது கிடக்கட்டும். நம் பேய்க்கு ஒரு வழக்கு இருக்கும். யாரோ கொன்றிருப்பார்கள், யாரோ சொத்தைப் பிடுங்கியிருப்பார்கள். இடைவேளைக்குப் பிறகு ஃப்ளாஷ்பேக்கில் பேய் வக்கீல் மாதிரி வாதாடும், ஆயாவும் அப்பத்தாவும் “பாவம்டி அது” என்று மூக்கைச் சிந்துவார்கள். புழுவுக்கு என்ன வழக்கு இருக்கிறது? அது ஏன் வந்தது என்று கேட்டால் “விழுந்தது, வந்தது” என்றா சொல்வீர்கள்? டிக்கெட் வாங்கியவன் அடிக்க வருவான்.

கல்லுக்கட்டிக்காரன்:
எனக்கு வேண்டியதே வழக்கு இல்லாத பேய்தான். எத்தனை வருஷம் ஒரே பழிவாங்கலைப் பார்ப்பது? 2016-இல் ‘மிருதன்’ என்று நடைபிணப் படம் வந்ததே, அதில் ரசாயனக் கழிவைக் குடித்த நாயிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். (1958 படத்திலும் நாய்தான் முதல் பலி. நாய்களை எவனும் விட்டுவைப்பதில்லை.) யாரும் நியாயம் கேட்டு அடிக்கப் போகவில்லை. 1963-லேயே ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகத்துக்காரன் பாட்டுப் பாடுகிற பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனான், எம்.ஜி.ஆர். பின்னாலேயே போனார், நாம் ஒத்துக்கொண்டோம். படம் எடுப்பதும் நம் ஊருக்குப் புதிதா என்ன, ஏவி.எம். 1947-இல் ‘நாம் இருவர்’ எடுத்தது இந்தக் காரைக்குடியில்தான். இங்கே இல்லாத ஒரு காலேஜைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். ஆய்வுக்கூடத்தில் ஏதோ ஒன்று கசிகிறது...

செக்காலை சித்தப்பா:
அங்கேதான் எனக்கு வலிக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துத்தான் மின்வேதியியல் ஆய்வகம் இந்த ஊருக்கு வந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கல் சமயத்தில் திறந்தார்கள். ரயில்கூடச் சரியாக நிற்காத வறண்ட பூமியில் விஞ்ஞானம் வந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆய்வுக்கூடம் என்றால் கசியும், வெடிக்கும், பைத்தியக்கார விஞ்ஞானி இருப்பான் என்று படம் காட்டினால் எனக்குச் சிரிப்பு வராது.

விடுதி அறை 14:
சித்தப்பா, நான் அரிமானம் படிக்கிறவள், துருதான் என் சோறு. மதிப்பு இருக்கிற இடத்தில்தான் கேலியும் இருக்கும், கோயில் திருவிழாவில் பபூன் வருவதில்லையா? என் கதையைக் கேளுங்கள். பேயே வேண்டாம், துருதான் வில்லன். ஒரு மாணவி துருவை வேகமாக்கும் திரவம் ஒன்று கண்டுபிடிக்கிறாள், அது கையில் பட்டுவிடுகிறது. முதலில் விடுதி ஜன்னல் கம்பி உதிர்கிறது, அப்புறம் கட்டில், அப்புறம் மனிதர்கள், ஏனென்றால் ரத்தத்தில் இரும்பு இருக்கிறது. துருவுக்குக் கோபமும் இல்லை ஃப்ளாஷ்பேக்கும் இல்லை.

செக்காலை சித்தப்பா:
அபத்தம். மனித உடம்பு மொத்தத்திலும் மூன்று நான்கு கிராம் இரும்புதான் இருக்கும், ஒரு சின்ன ஆணிக்குத்தான் தேறும். ரத்தத்தில் இருப்பது அணு அணுவாகப் புரதத்துக்குள் பிணைந்து கிடக்கிறது, கம்பி துருப்பிடிக்கிற மாதிரி அது பிடிக்காது.

செக்காலை சித்தப்பா:
சரி, ஒரு பேச்சுக்குப் பிடிக்கிறது என்றே வைத்துக்கொண்டால், தடுக்க வழி இருக்கிறது. கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். கடல்நீர் இரும்பை விட்டுவிட்டு முதலில் துத்தநாகத்தைத் தின்னும். அப்படியானால் உங்கள் வார்டன் எல்லாப் பிள்ளைகளின் இடுப்பிலும் அரைஞாண் கயிற்றில் துத்தநாகத் துண்டு கட்டிவிட வேண்டும். துண்டு கரைந்து முடிவதற்குள் புதியது மாற்ற வேண்டும், ஸ்டோர்ஸில் இருப்பு ராத்திரி பத்து மணிக்குத் தீர்ந்துவிடுகிறது, சாவி காலேஜ் துணை முதல்வரிடம், அவர் பிள்ளையார்பட்டிக்குப் போயிருக்கிறார்.

கானாடுகாத்தான் பேரன்:
சித்தப்பா!

கல்லுக்கட்டிக்காரன்:
குப்பைக்குப் பன்னீர் தெளித்தது யார்?

செக்காலை சித்தப்பா:
இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. எடுத்தால் நான் சொன்னபடி எடுக்க வேண்டும், திரையில் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு தெரியக் கூடாது. துத்தநாகம் நிஜத் துத்தநாகமாக இருக்க வேண்டும். சனிக்கிழமை வருகிறேன், கொசுவத்தி வாங்கி வையுங்கள்.

கானாடுகாத்தான் பேரன்:
வீடு மட்டும் கேட்காதீர்கள். ஆத்தங்குடிக் கல் சிமெண்ட்தான், திரவம் என்ற பேரில் ஆசிட் கீசிட் பட்டால் மினுமினுப்பே போய்விடும்.

விடுதி அறை 14:
துணை முதல்வருக்குப் போன் போட வேண்டாம் சித்தப்பா. முதலில் எழுதிக் கொடுக்கச் சொல்வார்.