புதுப்பிப்பு: ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் சரி, ஃபில் ஃபேக்டர் மட்டும் விழுவது ஏன்?

பிரெனெல் லென்ஸுக்குக் (ஒளியைக் குவிக்கும் தட்டையான லென்ஸ்) கீழே வைத்த மூவடுக்கு சோலார் செல் பற்றிய முந்தைய இழையின் தொடர்ச்சி இது. ஃபில் ஃபேக்டர் என்பது செல்லின் உச்சத் திறன், ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டத்தையும் திறந்த சுற்று மின்னழுத்தத்தையும் பெருக்கினால் வருவதில் எத்தனை பங்கு என்பது. அது விழக் காரணம், ஒளி செல்லின்மேல் சீராக விழாதது. சராசரி 500 சூரியன் (சாதாரண வெயிலைப்போல் 500 மடங்கு) என்றாலும் நடுப்புள்ளியில் அதைப்போல் பல மடங்கு விழலாம். அங்கே பிறக்கும் மின்னோட்டம் மெல்லிய உலோகக் கோடுகள் வழியாகத்தான் ஓரத்தில் அதைத் திரட்டும் தடித்த உலோகப் பட்டையான பஸ்பாருக்குப் போகவேண்டும். கோடுகளின் மின்தடையால் வரும் இழப்போ மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும்; ஃபில் ஃபேக்டரை இறக்குவது அதுதான். ஐ-வி (மின்னோட்டம்-மின்னழுத்தம்) வளைவில் திடீர்ப் பள்ளம் தெரிந்தால், அடுக்குகளை ஒன்றோடொன்று இணைக்கும் டனல் டயோடைச் சந்தேகியுங்கள்: நடுவில் அதன் உச்ச மின்னோட்ட அடர்த்தி தாண்டப்பட்டிருக்கும்.

ஒளியைப் பரப்ப, செல்லைக் குவியத்திலிருந்து சற்று நகர்த்துவது செலவில்லாத வழி. ஆனால் நீலமும் சிவப்பும் ஒரே தூரத்தில் குவிவதில்லை. மேலடுக்குக்கும் நடு அடுக்குக்கும் வெவ்வேறு ஒளிப்பரவல் கிடைக்கும், ஓரத்தில் ஒளி சிந்தவும் செய்யும். செல்லின்மேல் ஒட்டி, ஒளியைக் கலந்து சீராக்கும் சதுரக் கண்ணாடித் தண்டே மேல். நீளம் அகலத்தைப்போல் சில மடங்கு இருக்கட்டும். ஒட்டும்போது சிலிக்கோன் பசை தண்டின் பக்கச்சுவரில் ஏறினால் முழு அக எதிரொளிப்பு (ஒளி சுவரில் பட்டு முழுதாக உள்ளேயே திரும்புவது) கெட்டு, ஒளி அங்கேயே கசிந்துவிடும் (பலரும் கோட்டைவிடும் இடம்).