பந்து செவுத்துல சிக்குனா ரெண்டு பேஸ்தானா? பேஸ்பால் பிளேஆப் ரூல் தெரிஞ்சவங்க சொல்லுங்க

குடமுருட்டி (பாபநாசம்):

எல்லாருக்கும் வணக்கம். எங்க அக்கா குடும்பம் டொராண்டோவுல இருக்காங்க, மச்சான் அந்த ஊரு பேஸ்பால் டீம் ப்ளூ ஜேஸோட வெறியர், அவர்கூட போன்ல பேசிப் பேசியே எனக்கும் பேஸ்பால் ஒட்டிக்கிச்சு. அங்க ராத்திரி எட்டு மணின்னா நமக்கு காலைல அஞ்சரை, அதனால அக்டோபர் வந்தா விடியக்காலம் பூரா மேட்ச்தான், வயல்ல நடவு ஆள் வர்றதுக்குள்ள அஞ்சாறு இன்னிங்ஸ் பாத்துடலாம்.

2025 வேர்ல்ட் சீரிஸ் (பேஸ்பால் பைனல் தொடர்) ஆறாவது மேட்ச் இன்னும் மனசுல ஆறல. டாட்ஜர்ஸ் 3, ப்ளூ ஜேஸ் 1, கடைசி ஒன்பதாவது இன்னிங்ஸ், நம்மாளுங்க பேட்டிங். பர்ஸ்ட், செகண்ட், தேர்டுன்னு மூணு பேஸயும் சுத்தி ஹோமுக்கு வந்தாத்தான் ஒரு ரன். முதல் ஆள் கிர்க் மேல பந்து பட்டு பர்ஸ்ட் பேஸ் போனாரு, அவருக்குப் பதிலா ஓட ஸ்ட்ராவ எறக்குனாங்க. அடுத்து பார்ஜர் அடிச்சாரு பாருங்க, லெப்ட் சென்டர்ல செவுரு வரைக்கும் போச்சு. ஸ்ட்ரா வந்து சேந்துட்டாரு, பார்ஜரும் சுத்தி வந்துட்டாரு, மேட்ச் சமம்னு நான் எந்திரிச்சே நின்னுட்டேன். பாத்தா அந்த பீல்டர் ஜஸ்டின் டீன் பந்தைத் தொடாம ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு நிக்கிறாரு. செவுத்து மெத்தைக்கு அடியில பந்து சொருகிக்கிச்சாம். அம்பயருங்க பேசி, ரீப்ளே பாத்து, ரெண்டு பேஸ்தான்னு சொல்லி ஸ்ட்ராவ தேர்டுக்கும் பார்ஜர செகண்டுக்கும் திருப்பி அனுப்பிட்டாங்க. அதுக்கப்பறம் ஒரு ரன்கூட வரல, 3-1லயே தோத்தாச்சு. இது என்ன நியாயம்? ஓடி முடிச்ச ரன்ன எப்படி எடுப்பாங்க?

மச்சான்கிட்ட கேட்டா, 2012ல அட்லாண்டாவுக்கு நடந்தது இதைவிட மோசம், இன்பீல்ட் ப்ளைன்னு ஒரு ரூல வச்சு கழுத்தறுத்தாங்கன்னு சொல்றாரு. அந்த ரூல் எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. தெரிஞ்சவங்க கொஞ்சம் வெளக்கமா சொல்லுங்க.

வெட்டாறு:

மாப்ள படிக்கும்போதே எனக்கு வயிறு எரியுது. நான் கிரிக்கெட் ஆளு, ஆனா இந்த வலி எனக்கு நல்லாத் தெரியும். 2019 வேர்ல்ட் கப் பைனல்ல நியூசிலாந்துக்கு இதேதான பண்ணாங்க. ரெண்டு டீமும் 241, சூப்பர் ஓவர்லயும் 15-15, பவுண்டரி யாரு அதிகம் அடிச்சாங்கன்னு எண்ணி 26க்கு 17ன்னு இங்கிலாந்துக்கு கப்பக் குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி கடைசி ஓவர்ல ஸ்டோக்ஸ் பேட்ல பட்டு ஓடுன பந்துக்கு ஆறு ரன் குடுத்தாங்களே, பீல்டர் பந்த எறியறப்ப பேட்ஸ்மேனுங்க ரெண்டாவது ரன்னுக்கு இன்னும் கிராஸே பண்ணல, அஞ்சுதான் குடுத்திருக்கணும்னு முன்னாள் அம்பயர் சைமன் டஃபெலே சொன்னாரு. கடைசில என்னாச்சு, அதே வருசம் அக்டோபர்ல ஐசிசி அந்த பவுண்டரி கணக்கத் தூக்கிட்டாங்க. ரூல் தப்புன்னு அவங்களுக்கே தெரிஞ்சுதான மாத்துனாங்க, போன கப் திரும்பி வந்துச்சா? அதனால ஆறாவது மேட்ச் அநியாயம்னுதான் நான் சொல்லுவேன், யாரு என்ன வெளக்கம் குடுத்தாலும் சரி.

பி.டி. மாஸ்டர் (ஓய்வு), மயிலாடுதுறை:

தம்பிங்களா, நான் ஸ்கூல்ல சாப்ட்பால் டீம் வச்சிருந்தவன், பேஸ்பால் ரூல் புக்கும் படிச்சிருக்கேன். ஒண்ணொண்ணா வரேன்.

முதல்ல செவுத்துல சிக்குன பந்து. அறுவடை முடிஞ்ச வயல்ல நீங்க கிரிக்கெட் ஆடியிருப்பீங்க, ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பேசி வச்சுப்போம்ல, பந்து வாய்க்கால்ல விழுந்தா ரெண்டு, வைக்கப்போர்ல சொருகிட்டா ரெண்டு, ஓடி எத்தன எடுத்தாலும் ரெண்டுதான்னு. ஏன் அப்படி வக்கிறோம்? பந்து எடுக்க முடியாத இடத்துல கெடக்குறப்ப பேட்ஸ்மேன் ஓடிக்கிட்டே இருந்தா அது அவன் அடிச்ச அடிக்குக் கெடச்ச ரன் இல்ல, வைக்கப்போர் குடுத்த ரன். அதேதான் இங்கயும். வேலியிலயோ செவுத்துலயோ பந்து சிக்கிக்கிட்டா அந்த நிமிசமே ஆட்டம் நின்னுபோச்சு, பந்து டெட், எல்லா ரன்னரும் ரெண்டு பேஸ். பர்ஸ்ட்ல இருந்த ஸ்ட்ரா தேர்டு, அடிச்ச பார்ஜர் செகண்ட். ஓடி முடிச்ச ரன்ன எடுத்துட்டாங்கன்னு சொல்றீங்க தம்பி, ஆனா பந்து சிக்குனதுக்கு அப்பறம் ஓடுனது ஓட்டமே இல்ல. கிரிக்கெட்லயும் பேட்ஸ்மேன் பேட்லயோ டிரெஸ்லயோ பந்து சிக்குனா டெட் பால்தான், வெட்டாறு தம்பிக்கு அது தெரிஞ்சிருக்கும்.

டீன் கையைத் தூக்குனதைப் பத்தி ஒண்ணு சொல்லணும். லெப்ட் பீல்டுல இருந்த கிகே ஹெர்னாண்டஸ் கத்தி சொல்லித்தான் அந்தப் பையன் கையத் தூக்குனான். அவன் பதறிப்போய் பந்த சட்டுனு உருவி எறிஞ்சிருந்தா, அம்பயர் ஆட்டத்த ஓட விட்டிருக்கவும் வாய்ப்பு இருக்கு, ரெண்டு ரன்னும் வந்திருக்கும். அந்தப் பதட்டத்துல ரூல் ஞாபகம் வந்துச்சு பாருங்க, அதுக்குப் பேருதான் பயிற்சி. அப்பறம் மேட்ச் முடிஞ்ச விதத்தையும் பாருங்க. கிளெமெண்ட் சும்மா மேல தூக்கி அடிச்சு அவுட்டு, அடுத்து ஹிமெனெஸ் அடிச்சது லெப்ட்ல, அதே ஹெர்னாண்டஸ் ஓடி வந்து பிடிச்சு செகண்டுக்கு எறிஞ்சாரு, பார்ஜர் பேஸ விட்டு ரொம்ப தூரம் வந்துட்டாரு, டபுள் ப்ளே, அதாவது ஒரே அடியில ரெண்டு அவுட்டு. ரூல் தோக்கடிக்கல, செகண்ட் தேர்டுல ஆள வச்சுக்கிட்டு அவுட்டே இல்லாம கெடச்ச வாய்ப்ப விட்டதுதான் தோக்கடிச்சது.

இனி இன்பீல்ட் ப்ளை. பர்ஸ்ட்லயும் செகண்ட்லயும் ஆள் நிக்கிறாங்க, இல்ல மூணு பேஸும் நெறஞ்சிருக்கு, அவுட்டு ரெண்டுக்கு கம்மின்னு வைங்க. பேட்ஸ்மேன் மொட்டையா மேல தூக்கி அடிக்கிறான், உள்வட்ட பீல்டர் கையில விழுற பந்து. ரன்னரெல்லாம் என்ன பண்ணுவான்? பிடிச்சுட்டா திரும்பணுமேன்னு பேஸ்லயே நிப்பான். இப்ப அந்த பீல்டர் வேணும்னே பந்தக் கீழ விட்டான்னா, பேட்ஸ்மேன் பர்ஸ்டுக்கு வர்றதால ரன்னருங்க கட்டாயம் ஓடியாகணும், நேரம் இருக்காது, ரெண்டு பேரு அவுட்டு. இந்தக் களவாணித்தனத்தத் தடுக்கத்தான் 1890-கள்லயே ரூல் போட்டாங்க. சாதாரணமா பிடிக்கக்கூடிய பந்துன்னு அம்பயருக்குத் தோணுன உடனே கையைத் தூக்கி அறிவிச்சுடணும், பிடிச்சாலும் விட்டாலும் பேட்ஸ்மேன் அவுட்டு, ரன்னருங்க ஓட வேண்டிய கட்டாயம் இல்ல, ஓடுனா அவங்க பொறுப்பு. ரூல் பேட்டிங் டீமக் காப்பாத்த வந்தது, அத மனசுல வைங்க.

அரசலாறு (திருவாரூர்):

மாஸ்டர் சார் சொன்னது முழுக்க சரி, ஆனா அந்தக் கடைசி வரியிலதான் 2012 கதையே இருக்கு. நான் காலேஜ்ல சாப்ட்பால் ஆடுனவ, ஷார்ட் ஸ்டாப், அதான் செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவுல நிக்கிற உள்வட்ட பீல்டர். அந்த வீடியோவ நான் எத்தன தடவ பாத்தாலும் கோவம் கொறைய மாட்டேங்குது.

2012 அக்டோபர் 5, அட்லாண்டா பிரேவ்ஸுக்கும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கும் ஒரே மேட்ச், தோத்தா வீட்டுக்கு. எட்டாவது இன்னிங்ஸ், கார்டினல்ஸ் 6-3 முன்னாடி, பிரேவ்ஸுக்கு பர்ஸ்ட் செகண்ட்ல ஆளு, ஒரு அவுட்டு. சிம்மன்ஸ் தூக்கி அடிச்சாரு, பந்து லெப்ட் பீல்டுக்குள்ள போயிடுச்சு. ஷார்ட் ஸ்டாப் கோஸ்மா முதுகக் காட்டிக்கிட்டு பின்னாடியே ஓடுறாரு, ஒரு இடத்துல நின்னு கையக் காட்டுறாரு, அப்பறம் லெப்ட் பீல்டர் ஹாலிடே எடுத்துப்பாருன்னு நெனச்சு விலகுறாரு, பந்து ரெண்டு பேருக்கும் நடுவுல பொத்துன்னு விழுது. கூட்டமே துள்ளுது, மூணு பேஸும் நெறஞ்சு ஒரே அவுட்டுன்னு. பாத்தா லெப்ட் பீல்ட் லைன்ல நின்ன அம்பயர் ஹோல்ப்ரூக் கையத் தூக்கியிருக்காரு, இன்பீல்ட் ப்ளை, பேட்ஸ்மேன் அவுட்டு. சனங்க பாட்டிலையும் குப்பையையும் மைதானத்துல வீசி 19 நிமிசம் ஆட்டம் நின்னுச்சு. வீசுனது தப்பு, ஆளு மேல பட்டிருந்தா என்ன ஆவுறது. ஆனா அந்த ஆத்திரம் எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குப் புரியுது. பிரேவ்ஸ் நட்சத்திரம் சிப்பர் ஜோன்ஸோட கடைசி மேட்ச் வேற அது.

இப்ப யோசிங்க. அவ்வளவு தூரம் உள்ள போன பந்த ஷார்ட் ஸ்டாப் வேணும்னே கீழ விட்டா டபுள் ப்ளே கெடைக்குமா? பந்த எடுத்து தேர்டுக்கு எறிஞ்சு அங்கேருந்து செகண்டுக்கு வரணும், ரொம்ப கஷ்டம். அப்ப ரூல் எதுக்கு வந்துச்சோ அந்த ஆபத்தே அங்க இல்ல. ரெண்டாவது, ரூல் புக்கு உடனே அறிவிக்கணும்னு சொல்லுது, இவரு கையத் தூக்கும்போது பந்து விழ ஒரு நொடி இருந்தா ஜாஸ்தி. பேஸ்ல நிக்கிற ரன்னருக்கு முன்கூட்டியே தெரிஞ்சாத்தான அது பாதுகாப்பு? விழுற நேரத்துல சொன்னா அவனுக்கு என்ன பிரயோசனம்? சாதாரண முயற்சில பிடிக்கலாம்கறதுக்கு புல்தரையில கோடு கெடையாது, லெப்ட் பீல்டுலயும் ஷார்ட் ஸ்டாப் பிடிக்கலாம், அதனால எழுத்துப்படி பாத்தா அம்பயர் பக்கம் வாதம் இருக்கு, பிரேவ்ஸ் போட்ட புரொட்டெஸ்டையும் லீக் அதிகாரி ஜோ டோரி தள்ளிட்டாரு. ஆனா பேட்டிங் டீமக் காப்பாத்த எழுதுன ரூல் பேட்டிங் டீமையே அடிச்சுது. எனக்கு அதுதான் பொறுக்கல.

குடமுருட்டி தம்பி, உங்க ஆறாவது மேட்ச் அப்படி இல்ல. பந்து சிக்குச்சு, ரெண்டு பேஸ், அதுல அம்பயர் நெனப்புக்கு எடமே கொஞ்சம்தான். ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க.

குடமுருட்டி (பாபநாசம்):

அக்கா, சார், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ப்ளையில உடனே சொல்லணும்கற விசயம் இப்பதான் தெளிவாச்சு, மச்சானுக்கு அப்படியே அனுப்பிட்டேன். அவரு இன்னொண்ணு கேக்குறாரு, 2013ல ரெட் சாக்ஸ் மேட்ச்ல கீழ விழுந்து கெடந்த பீல்டர் கால் தடுக்குனதுக்கு மேட்சையே குடுத்தாங்களே, அது மட்டும் சரியான்னு. விழுந்து கெடக்குறவன் என்ன பண்ணுவான்?

அரசலாறு (திருவாரூர்):

அது 2013 வேர்ல்ட் சீரிஸ் மூணாவது மேட்ச், செயின்ட் லூயிஸ்ல, ரெட் சாக்ஸுக்கும் கார்டினல்ஸுக்கும். 4-4, ஒன்பதாவது இன்னிங்ஸ். கேட்சர் தேர்டுக்கு எறிஞ்ச பந்து தப்பிப் போச்சு, ரெட் சாக்ஸ் தேர்டு பேஸ் பீல்டர் மிடில்புரூக்ஸ் அதப் பிடிக்கப் பாஞ்சு குப்புற விழுந்தாரு, கார்டினல்ஸ் ரன்னர் ஆலன் கிரெய்க் எந்திரிச்சு ஹோமுக்கு ஓடப் போனவரு அவரு மேல தடுக்கி விழுந்து எந்திரிச்சு ஓடுனாரு. ஹோம்ல பந்து முன்னாடியே வந்துடுச்சு, ஆனா தேர்டு பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் அந்த இடத்துலயே தடுத்தாருன்னு காட்டிட்டாரு, ரன் குடுத்து 5-4. வேணும்னு பண்ணாரா இல்லையாங்கறது அந்த ரூல்ல கேள்வியே இல்ல. கையில பந்து இல்லாதவன் ரன்னர் பாதையில கெடந்தா தடைதான். மிடில்புரூக்ஸ நெனச்சா பாவமா இருக்கு, இருந்தாலும் ஜாய்ஸ் செஞ்சது சரின்னு நான் அடிச்சு சொல்லுவேன், உடனே காட்டுனாரு, தெளிவாக் காட்டுனாரு.

வெட்டாறு:

சரிக்கா, இன்பீல்ட் ப்ளை ஒத்துக்கறேன். ஒரு சந்தேகம், அதே 2025 வேர்ல்ட் சீரிஸ்ல மூணாவது மேட்ச் 18 இன்னிங்ஸ் போச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க, எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ்ல செகண்ட் பேஸ்ல ஒரு ஆள சும்மா நிக்க வச்சு சீக்கிரம் முடிக்கிற ரூல் இருக்குன்னு கேள்விப்பட்டேனே, ஏன் வைக்கல?

பி.டி. மாஸ்டர் (ஓய்வு), மயிலாடுதுறை:

அந்த ரூல் 2020ல வந்தது, லீக் மேட்சுக்கு மட்டும்தான், பிளேஆப்ல கெடையாது. அப்படியே இருக்கட்டும்னுதான் என் ஆசை. அன்னிக்கு 6 மணி 39 நிமிசம் ஓடுச்சு ஆட்டம், நமக்கு இங்க மதியம் சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு. டாட்ஜர்ஸ் ஓட்டானி ஒன்பது தடவ பேஸ் ஏறுனாரு, அதுல ரெண்டு ஹோம் ரன். யாருமே பெருசா எதிர்பாக்காத டாட்ஜர்ஸ் பிட்சர் வில் கிளைன் கடைசி நாலு இன்னிங்ஸ் பந்து போட்டுத் தாங்குனாரு, ப்ரீமன் ஹோம் ரன் அடிச்சு 6-5. செகண்ட்ல ஒருத்தன தானமா வச்சிருந்தா பத்தாவது பதினொண்ணாவதுலயே முடிஞ்சிருக்கும், கிளைன்ங்கற பேரே நமக்குத் தெரிஞ்சிருக்காது.

குடமுருட்டி (பாபநாசம்):

சார், 2026லேர்ந்து பால் ஸ்ட்ரைக்கு மிசின்கிட்ட கேக்கலாம்னு வருதே, இந்த ப்ளை சண்டையெல்லாம் அதுல தீருமா?

அரசலாறு (திருவாரூர்):

தீராது தம்பி. அது பிட்சர் போட்ட பந்து ஸ்ட்ரைக் ஜோனுக்குள்ள, அதான் பேட்ஸ்மேன் அடிக்க வேண்டிய கட்டத்துக்குள்ள, வந்துச்சாங்கறதுக்கு மட்டும். ஒரு டீமுக்கு ரெண்டு சேலஞ்ச், பேட்ஸ்மேன், பிட்சர், கேட்சர் இந்த மூணு பேருல யாராச்சும் தலையத் தட்டிக் கேக்கணும், கேட்டது சரின்னா சேலஞ்ச் போகாது. பெரிய ரீப்ளே முறை 2014ல வந்துச்சு, 2025 ஏழாவது மேட்ச்ல ப்ளூ ஜேஸ் ரன்னர் கைனர்-பலேபா ஹோம்ல கொஞ்சூண்டு இடைவெளில அவுட்டானத அதுலதான் பாத்து உறுதி பண்ணாங்க. இன்பீல்ட் ப்ளை இன்னிக்கும் அம்பயர் கணிப்புதான், ரீப்ளேக்குப் போகாது. பந்து மேல போயி உச்சியத் தொடும்போதே கை தூக்கலன்னா ரூல் செல்லாதுன்னு எழுதிட்டா என்ன கொறஞ்சுடும்?

வெட்டாறு:

அக்கா நீங்க ரூல் கமிட்டிக்கு எழுதுங்க. நான் டொராண்டோ மைதானத்துக்காரங்களுக்கு எழுதுறேன், செவுத்து மெத்தைக்கும் தரைக்கும் நடுவுல பந்து நொழையற அளவுக்கு இடுக்க விட்டு வச்சது அவங்கதான, சொந்த டீமோட ரெண்டு ரன்ன அதுதான் முழுங்குச்சு. அடுத்த சீசனுக்குள்ள அத அடச்சா போதும்.