அம்மாவின் ஜாதக நோட்டைப் படிக்க உதவுங்கள்

ஜோதிடம் தெரிந்தவர்களுக்கு வணக்கம். தாத்தா கைப்பட எழுதிய அம்மாவின் ஜாதக நோட்டு கிடைத்திருக்கிறது. ஓரத்தில் தடவிய மஞ்சள் இன்னும் மங்கவில்லை.

பரணி 3ஆம் பாதம், மேஷ ராசி. 'கர்ப்பச்செல் நீக்கி சுக்கிர தசை இருப்பு 7 வருஷம் 3 மாசம் 12 நாள்' என்ற வரியும் புரிந்துவிட்டது. பரணி நட்சத்திரத்துக்கு முதல் தசை, அதாவது ஒரு கிரகம் ஆளும் காலம், சுக்கிரனுடையது; மொத்தம் 20 வருஷம். பிறப்பதற்கு முன்பே கழிந்தது போக மீதிதான் இருப்பு.

சிக்கல் கட்டங்களில்தான். ராசிக் கட்டத்தில் குரு கடகத்தில் உச்சம், அதாவது முழு பலம். அம்சத்தில் (ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகப் பிரித்துப் போடும் நவாம்சக் கட்டம்) அதே குரு மகரத்தில் நீசம், அதாவது பலம் குன்றிய நிலை! எதை வைத்துப் பலன் பார்ப்பது? சனிக்குப் பக்கத்தில் சின்னதாக 'வ' இருக்கிறது, வக்ரம்தானே (கிரகம் பின்னோக்கிப் போவது)? அப்புறம், 'மா' என்றால் சனியின் உபகிரகமான மாந்தியா?

அடுத்த மாதம் அம்மாவுக்கு அறுபது. அதற்குள் தெளிவாக எழுதி அவர் கையில் கொடுக்க ஆசை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.