ஒரே பிபிடி ரக அரிசி, ஒரு சிப்பம் உதிரியாக வேகிறது, அடுத்தது குழைகிறது: காரணம் வயலிலா, ஆலையிலா, அடுப்பிலா?

மெஸ்_மாணவன்:
உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறேன், மாலையில் மெஸ் சமையலறையில் வேலை. இந்தப் பருவத்தில் நெல் சாகுபடி பற்றி நிறைய வாசித்தேன். ரகம், நாற்று, உரம், பூச்சி என்று எல்லாம் விரிவாக இருக்கிறது, ஆனால் அறுவடையோடு பாடம் முடிந்துவிடுகிறது. சமையலறைக்கோ சிப்பத்தைப் பிரிக்கும்போதுதான் அரிசி பிறக்கிறது. இடையில் உள்ளதை இரண்டு பக்கமும் பேசுவதில்லை. நூற்றைம்பது நாள் வளர்த்த நெல்லை அரைமணி நேரத்தில் கெடுத்துவிடக் கூடாது என்ற கவலையில் கேட்கிறேன்.

பிபிடி 5204 புழுங்கல், ஒரே கடை, அதே அண்டா, அதே தண்ணீர். மார்கழியில் வந்தது பொலபொலவென்று இருந்தது. மாசியில் வந்தது குழைகிறது, கஞ்சியும் கெட்டியாக வடிகிறது. சமையல் மாஸ்டர் "புது அரிசி" என்று ஒரே சொல்லில் முடிக்கிறார். உண்மையில் என்ன நடக்கிறது? பிரித்த உடனே எப்படித் தெரிந்துகொள்வது?

அரவை_ஆலை:
மாஸ்டர் சொன்னது சரிதான் தம்பி. சம்பா அறுவடை தை, மாசியில். அந்த நெல்லை உடனே அவித்து அரைத்தால் அதுதான் புது அரிசி. நெல்லாகவோ அரிசியாகவோ நான்கைந்து மாதம் இருப்பில் இருந்தால், மாவுச்சத்தைச் சுற்றியுள்ள புரதம் இறுகும். வேகும்போது மணி வெடிக்காது, மாவு தண்ணீரில் கரைவது குறையும், தண்ணீரும் கூடுதலாக இழுக்கும். புதுசில் இதெல்லாம் தலைகீழ்.

ஆனால் கெட்டிக் கஞ்சிக்கு இன்னொரு காரணம் உண்டு, நொய், அதாவது உடைந்த அரிசி. உடைந்த முனை வழியாக மாவு நேராகக் கரையும். ஒரு கைப்பிடியைத் தட்டில் பரப்பி நூறு மணி எண்ணிப் பார். முழு மணியின் முக்கால் நீளத்துக்குக் குறைந்தவை பத்துக்கு மேல் இருந்தால் அந்தச் சிப்பம் பழசாக இருந்தாலும் குழையும்.

புழுங்கலில் நொய் கூடுவது பெரும்பாலும் காயவைப்பதில்தான். அவித்த நெல்லை ஈரப்பதம் 18 விழுக்காடு வரை வேகமாக இறக்கலாம். அங்கே நிறுத்தி, குவித்து, சில மணி நேரம் ஆறவிட வேண்டும். உள்ளே இருக்கும் ஈரம் வெளித்தோலுக்கு வந்து சமமான பிறகே 14க்கு மெதுவாக இறக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் இறக்கினால் வெளிப்புறம் சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், மணியில் விரிசல் கோடு விழும். பாலிஷ் உருளையில் அந்தக் கோட்டிலேயே ஒடியும்.

டெல்டா_வயல்:
ஆலையை மட்டும் சொன்னால் போதாது. கோடு பாதி நேரம் வயலிலேயே விழுந்துவிடுகிறது. கதிரில் நூற்றுக்கு எண்பது மணி வைக்கோல் நிறம் வந்ததும் அறுக்க வேண்டும், அப்போது ஈரம் 20 முதல் 22 விழுக்காடு இருக்கும். மெஷின் கிடைக்கவில்லை என்று ஒரு வாரம் விட்டால், பகலில் வெயிலில் காய்ந்து, இரவில் பனியை உறிஞ்சி, மணி உள்ளுக்குள்ளேயே வெடிக்கும். தை மாதத்தில் பனி அதிகம் என்பதை மறக்காதீர்கள். உமியை உரித்து வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்கே மயிரிழைக் கோடு தெரியும்.

களத்தில் உலர்த்தும்போதும் இதே கதை. இரண்டு விரல் கனத்துக்கு மேல் பரப்பாமல், மணிக்கொரு முறை கிளறி, மதியம் உச்சி வெயிலில் மூடி வைப்பது நல்லது. கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடு ஈரம் வரை எடுப்பார்கள். அது விற்பதற்கான அளவு, மாதக்கணக்கில் இருப்பு வைக்க 14க்குள் வந்தே ஆக வேண்டும்.

பந்தி_சமையல்:
சிப்பத்தில் அச்சிட்ட தேதி மூட்டை கட்டிய தேதி, அதை வைத்து வயது சொல்ல முடியாது. எந்தப் பருவத்து நெல், எப்போது அரைத்தது என்று கடையில் இரண்டையும் கேள். பதில் எதுவானாலும் புதுச் சிப்பத்தில் முதலில் 100 கிராம் வேகவைத்துப் பார்த்துவிட்டுத்தான் அண்டாவில் போட வேண்டும். சில மணி வெடித்தும் சில மணியில் நடுவில் வெள்ளைப் பொட்டும் இருந்தால் பழசும் புதுசும் கலந்தது. அதற்கு எந்தப் பதமும் சரிவராது, திருப்பி அனுப்பிவிடு.

புதுசு என்று உறுதியானால், ஊறவைக்காதே. பழசுக்கு அரைமணி ஊறல் உதவும், புதுசுக்கு அது கேடு. கிலோவுக்கு ஆறு லிட்டர் உலை வை, தண்ணீர் தாராளமாக இருந்தால் கரைந்த மாவு மணியில் ஒட்டாது. நன்றாகத் தளதளத்த பிறகே அரிசியைப் போடு, அடிக்கடி துழாவாதே. விரலில் நசுக்கினால் நடுவில் ஊசி முனை அளவு வெள்ளை மிச்சம் இருக்கும்போதே வடி. மிச்சம் சூட்டிலேயே வெந்துவிடும். வடித்ததும் அண்டாவில் குவித்து வைத்தால் மேல் எடையில் அடிச்சோறு நசுங்கும், அகலத் தட்டில் பரப்பு.

மெஸ்_மாணவன்:
மாசிச் சிப்பத்தில் எண்ணினேன், நூற்றுக்கு நான்கு நொய்தான். அப்படியானால் வயது மட்டும்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாமா? வயலில் கோடு விழுந்த நெல்லாக இருந்தால் நொய் கூடியிருக்க வேண்டும் இல்லையா?

அரவை_ஆலை:
வயதுதான் காரணம். ஆனால் நொய் குறைவு என்பதால் வயலில் கோடே இல்லை என்று சொல்ல முடியாது. அவிக்கும்போது மாவுச்சத்து பசையாகி அந்தக் கோட்டை ஒட்டிவிடும், அதனால்தான் வெடித்த நெல்லைப் புழுங்கலுக்கு அனுப்புகிறோம். வயலின் கோளாறு பச்சரிசியில்தான் அப்படியே தெரியும். புழுங்கலில் நொய் கூடுதலாக இருந்தால் முதலில் ஆலையில் காயவைத்த விதத்தைச் சந்தேகப்படு.